தக்காளி கிரீம் பாஸ்தா சாஸ் ஒவ்வொரு முறையும் திரிந்துபோகிறது

மாடிவீட்டுக்காரர் (கோவை) எழுதியது:

வணக்கம். சமையலில் எனக்கு இருக்கும் அனுபவம் சோறு, ரசம், முட்டைப் பொரியல், அவசரத்துக்கு உப்புமா என்ற நான்கோடு முடிந்துவிடுகிறது. மனைவிக்குத் திருச்சிக்கு மாற்றலாகி, வார இறுதிகளில் மட்டும் அவர் வீட்டுக்கு வருவதால், கடந்த இரண்டு மாதங்களாக அடுப்பங்கரை என் பொறுப்பில் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் நான் வைத்ததையெல்லாம் குறை சொல்லாமல் சாப்பிட்டு வந்தவள். சென்ற மாதம்தான் முதன்முறையாக வாய்விட்டு ஒன்றைக் கேட்டாள். உணவகத்தில் தருவதைப் போல இளஞ்சிவப்பு நிறத்தில், வழவழப்பான தக்காளி கிரீம் சாஸில் புரட்டிய பாஸ்தா வேண்டுமாம்.

மூன்று புதன்கிழமைகளில் முயன்றேன், மூன்றும் ஒரே மாதிரி முடிந்தன. வெண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, நறுக்கிய தக்காளியைச் சேர்த்து, அது குழைந்ததும் மிக்சியில் அரைத்து மறுபடியும் வாணலியில் ஊற்றினேன். குழம்பு போல நீர்த்திருந்ததால், கிரீமைச் சேர்த்துவிட்டு, கெட்டியாகட்டும் என்று நன்றாகக் கொதிக்கவிட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பொடிகள் தோன்றின. பிறகு முழுவதுமே ரவை தூவியதைப் போல ஆகி, அடியில் தெளிந்த சிவப்பு நீர் தனியாக நின்றது. மகள் கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பாஸ்தாவா, பன்னீர் பொடிமாஸா?" என்று கேட்டாள்.

கிரீம் கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகித்து, மூன்றாவது முறை வேறு கடையில் புதிதாக வாங்கினேன். அதிலும் அதே கதைதான். எங்கே தவறுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரசப்பொடி எழுதியது:

பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள். நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா? சேர்த்தது வெறும் கிரீமா, அதோடு பாலும் உண்டா? கிரீமைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, மன்னிக்கவும், எடுத்த குளிரோடு ஊற்றினீர்களா?

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

நாட்டுத் தக்காளி, அரைக் கிலோ. ரசத்துக்கு அதைத்தான் வாங்குவேன் என்பதால் வேறு யோசனையே வரவில்லை. கிரீம் குறைவாக இருந்ததால், முதல் இரண்டு முறையும் அரை டம்ளர் பாலும் ஊற்றினேன். மூன்றாவது முறை கிரீம் மட்டும். எடுத்த குளிரோடுதான் ஊற்றினேன்.

ரசப்பொடி எழுதியது:

நினைத்தபடிதான். உங்களுக்கு மோர்க்குழம்பு வைக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. மோர்க்குழம்பை யாரும் தளதளவென்று கொதிக்கவிடுவதில்லை. ஊறவைத்த பருப்பையும் தேங்காயையும் அரைத்து மோரில் கலக்கி அடுப்பில் வைத்து, மேலே நுரை கட்டி வரும்போதே இறக்கிவிடுகிறோம். இரண்டு நிமிடம் அசந்தால் மோர் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் போய்விடும். உங்கள் வாணலியில் நடந்ததும் அதுதான். கிரீமின் மீது குற்றமில்லை. தக்காளி வேலை முடியும் முன்பே கிரீமைச் சேர்த்ததும், சேர்த்த பிறகு கொதிக்கவிட்டதும்தான் குற்றம்.

இரண்டு பேருக்கு நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். நன்றாகப் பழுத்த பெங்களூர்த் தக்காளி அரைக் கிலோ வாங்குங்கள். நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ராஜா. ஆனால் அதில் சாறும் விதையும் புளிப்பும் அதிகம், சதை குறைவு. தக்காளியின் அடியில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டுப் பச்சைத் தண்ணீருக்கு மாற்றினால் தோல் தானாகக் கழன்றுவிடும். உரித்து, பச்சையாகவே அரைத்துக்கொள்ளுங்கள். தோலோடு அரைத்தால் சாஸில் சிவப்புச் சுருள்கள் நாக்கில் தட்டுப்படும்.

அடி கனமான எவர்சில்வர் அல்லது ஒட்டாத வாணலி நல்லது. பழகாத இரும்புச் சட்டியில் தக்காளி நெடுநேரம் கொதித்தால் நிறம் கறுத்து, இரும்பு வாடை வந்துவிடும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் விட்டு, பொடியாக அரிந்த ஒரு வெங்காயத்தைச் சிறு தீயில் கண்ணாடிப் பதம் வரும்வரை வதக்குங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். புதிதாகச் சமைப்பவர்கள் மூன்றே நிமிடத்தில் வதங்கிவிட்டதாக நம்புவார்கள். பிறகு ஐந்து பல் பூண்டைத் தட்டிப் போட்டு, ஒரு நிமிடம் மட்டும் புரட்டுங்கள். பூண்டு பழுப்பு நிறத்தைத் தாண்டினால் கசக்கும், அந்தக் கசப்பை எந்தக் கிரீமும் மறைக்காது.

இப்போது அரைத்த தக்காளியை ஊற்றி, அரைத் தேக்கரண்டி உப்புச் சேர்த்து, பாதி மூடி, மிதமான தீயில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் விடுங்கள். முதலில் நுரைத்துக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் தெறிக்கும். பிறகு குமிழ்கள் பெரிதாகி, "ப்ளப்" என்று சோம்பலாக வெடிக்கத் தொடங்கும். ஓரத்தில் எண்ணெய் சிவந்த மணிகளாகப் பிரிந்து நிற்கும். மரக்கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. ஓரிரு நொடி திறந்தே இருந்து பிறகு மெல்ல மூடினால் வேலை முடிந்தது.

இங்குதான் அடுப்பை அணைக்க வேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்து, அறைச் சூட்டுக்கு வந்த 100 மில்லி கிரீமை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதில் ஒரு கரண்டி சூடான தக்காளியைக் கலக்கி, பிறகு அந்தக் கலவையை வாணலியில் ஊற்றிக் கிளறுங்கள். மறுபடியும் கொதிக்கவிட வேண்டிய தேவையே இருக்காது.

காரநீர் எழுதியது:

பள்ளியில் வேதியியல் நடத்துபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன், ஒன்றைத் திருத்தவும் செய்கிறேன்.

பாலில் உள்ள முக்கியமான புரதம் கேசின். பாலின் பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறத்தாழ 6.6 ஆக இருக்கும்போது கேசின் நுண்ணிய துகள்களாக மிதந்துகொண்டிருக்கும். புளிப்பு கூடி அளவு 4.6ஐ நெருங்கும்போது அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். தக்காளி பெரும்பாலும் 4.3க்கும் 4.9க்கும் இடைப்பட்ட அளவில் இருக்கும் பழம். சூடு சேர்ந்தால், 4.6க்கு வரும் முன்பே திரிந்துவிடும். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பன்னீர் எடுக்கும்போது நாம் வேண்டுமென்றே செய்வது இதைத்தான். ஆகவே உங்கள் மகள் சொன்ன பன்னீர் பொடிமாஸ் கேலியாக இருந்தாலும் வேதியியல்படி முழுச் சரி.

பாலும் கிரீமும் வேறுவிதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் கொழுப்பு. டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், புரதமும் கிட்டத்தட்ட அதே அளவு. கடைகளில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் கிரீமில் கொழுப்பு ஏறத்தாழ 25 சதவீதம், புரதமோ பாலில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவு. திரளக்கூடிய புரதம் குறைவாகவும், அதைச் சூழ்ந்து நிற்கும் கொழுப்பு மிகுதியாகவும் இருப்பதால், கிரீம் ஓரளவு புளிப்பைத் தாங்கும். கொழுப்பு 35 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கிரீமைக் கொதிக்கவிட்டாலும் எளிதில் திரியாது. ஆனால் அது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. முதல் இரண்டு முறை உங்களைக் கவிழ்த்தது அந்த அரை டம்ளர் பால் என்றே நினைக்கிறேன்.

இனித் திருத்தம். தக்காளியை நீண்ட நேரம் சுண்டவைத்தால் புளிப்பு குறையும் என்று பலர் நம்புகிறார்கள். ரசப்பொடி அம்மா அப்படிச் சொல்லவில்லை, ஆனால் படிப்பவர்கள் அப்படிப் புரிந்துகொள்ளக்கூடும். உண்மையில் சுண்டும்போது போவது தண்ணீர்தான். அமிலம் வாணலியிலேயே தங்கிவிடுகிறது. பச்சை வாசனை போய் இனிப்பும் திடமும் கூடுவதால் நாக்குக்குப் புளிப்பு அடங்கியதாகத் தெரிகிறது. சுண்டவைப்பதன் பெரிய ஆதாயம் வேறு: சாஸ் முன்னதாகவே கெட்டியாகிவிட்டால், கிரீமைச் சேர்த்த பிறகு கெட்டியாக்குவதற்காகக் கொதிக்கவைக்கும் ஆசை உங்களுக்கு வராது.

புளிப்பையே குறைக்க வேண்டுமானால் ஒரே வழி சமையல் சோடா. அரைக் கிலோ தக்காளிக்கு அரைக்கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். போட்டதும் நுரைத்து அடங்கும். அடங்கிய பிறகுதான் கிரீம். சர்க்கரை அமிலத்தை ஒன்றும் செய்யாது, நாக்கை மட்டுமே சமாதானப்படுத்தும்.

ரசப்பொடி எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. ஆனால் சோடாவை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு சிட்டிகை கூடிப்போனால் சவுக்கார வாடை வரும். புதிதாகச் சமைப்பவர் கையில் சிட்டிகை எப்போதும் கூடித்தான் போகும். புளிப்பு தூக்கலாக இருந்தால், வெங்காயம் வதங்கும்போதே பாதிக் கேரட்டைத் துருவிப் போடுங்கள். அது கரைந்து இனிப்பும் கொடுக்கும், சாஸுக்குக் கெட்டியும் கொடுக்கும்.

முந்திரிக்கட்சி எழுதியது:

இத்தனை பாடுபட வேண்டுமா? பத்து முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மை போல அரைத்துக் கிரீமுக்குப் பதிலாக ஊற்றினால் ஆயிற்று. அதில் கேசின் இல்லை, எவ்வளவு கொதித்தாலும் திரியாது.

ரசப்பொடி எழுதியது:

திரியாது என்பது உண்மை. பத்து நிமிடம் கொதித்தால் அதற்குக் குருமா என்று பெயர் என்பதும் உண்மை.

முந்திரிக்கட்சி எழுதியது:

பட்டை, கிராம்பு போடாதவரை அது குருமா ஆகாது, அம்மா. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கும் வீட்டில் இது நல்ல வழி என்றுதான் சொன்னேன். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: முந்திரி சூடு ஏற ஏறக் கெட்டிப்படும், ஆகவே கடைசியில் தண்ணீர் விட்டு இளக்க வேண்டியிருக்கும். தேங்காய்ப் பாலை மட்டும் யாரும் முயல வேண்டாம். நான் முயன்றேன், வீட்டில் எல்லோரும் ஆப்பம் எங்கே என்று கேட்டார்கள்.

போலோன்யாவில்_மதுரைக்காரி எழுதியது:

இத்தாலியில் படித்துக்கொண்டிருப்பதால் சாஸைவிடப் பாஸ்தாவைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்ல முடியும். மாடிவீட்டுக்காரர் ஐயா அதைப் பற்றி எதுவுமே எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

இங்கு வந்த முதல் வாரம், கொதிக்கும் தண்ணீரில் நான் எண்ணெய் ஊற்றியதையும், வெந்த பாஸ்தாவைக் குழாயடியில் காட்டி அலசியதையும் பார்த்து, உடன் தங்கியிருந்த பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய் பாஸ்தாவின் மேல் படிந்தால் சாஸ் வழுக்கிக்கொண்டு போகும். அலசினால் மேலிருக்கும் மாவுச்சத்து கழுவப்பட்டு, சாஸ் ஒட்டுவதற்குப் பிடிமானம் இருக்காது. இரண்டையும் அன்றோடு விட்டுவிட்டேன். இவர்களின் கணக்கு எளிது: 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே, நம் பிரியாணி அரிசிக்குச் சொல்வதைப் போல முக்கால் வேக்காட்டில் எடுத்து, மீதியைச் சாஸிலேயே வேகவிடுகிறார்கள்.

வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சோறு வடித்த கஞ்சி எப்படி வெண்மையாக, சற்றுக் கொழகொழப்பாக இருக்குமோ, அதே போன்ற தண்ணீர் அது. அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும், கிரீமின் புரதம் திரளுவதையும் ஓரளவு தடுக்கும். ரசப்பொடி அம்மாவின் மோர்க்குழம்பில் அரைத்த பருப்பு செய்யும் வேலையை இங்கே இந்தக் கஞ்சி செய்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

பாஸ்தா வாங்கும்போது டியூரம் என்னும் கடினக் கோதுமை ரவையில் செய்தது என்று உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை அந்த ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். மைதாவில் செய்தது சீக்கிரம் குழைந்துவிடும், சாஸில் போட்டுப் புரட்டும் அந்த ஒரு நிமிடத்தைக்கூடத் தாங்காது.

தக்காளியோடு கிரீம் சேர்ப்பது இங்கே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பழக்கமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1970களிலும் 80களிலும் இத்தாலிய உணவகங்களில் எதற்கெடுத்தாலும் கிரீம் ஊற்றும் மோகம் இருந்தது. வோட்கா சேர்த்த தக்காளி கிரீம் பென்னே (குழாய் வடிவப் பாஸ்தா) பரவலானது அப்போதுதான். இன்று அதை அந்தக் காலத்து நாகரிகம் என்று சிரிப்பவர்களும் உண்டு, வீட்டுக்குள் ரசித்துச் சாப்பிடுபவர்களும் உண்டு. என் அறைத்தோழி இரண்டாவது வகை.

நிழற்குடை எழுதியது:

உணவகங்களில் கிடைக்கும் இளஞ்சிவப்புச் சாஸ் பல இடங்களில் கிரீமில் செய்வதே அல்ல. வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சும் வெள்ளைச் சாஸும் தக்காளிச் சாஸும் தனித்தனியாகத் தயாராக இருக்கும். கேட்கும்போது இரண்டையும் கலந்து பிங்க் சாஸ் என்று தருவார்கள். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி மைதா, ஒரு டம்ளர் பால் என்பது அளவு. மாவு இருப்பதால் பாலும் எளிதில் திரியாது. கிரீம் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும்.

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு ரசப்பொடி அம்மாவின் முறைப்படி, கைப்பேசியை உப்பு டப்பாவில் சாய்த்துவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே செய்தேன். வெங்காயத்துக்குப் பத்து நிமிடம் என்பது எவ்வளவு நீளமான நேரம் என்று இப்போதுதான் தெரிகிறது. கோடு இழுத்துப் பார்க்கும் சோதனையில் பதினைந்தாவது நிமிடம் தோற்று, இருபத்து நான்காவது நிமிடம் தேறினேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கிரீமை ஊற்றினேன். திரியவில்லை. சிவப்பின் நடுவே வெள்ளை வட்டமாகப் பரவி, இரண்டு கிளறலில் செங்கல் நிறத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறியதை மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் தட்டில் போட்டுப் பத்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களி போல ஆகிவிட்டது. பாஸ்தா தண்ணீரைப் பழக்கதோஷத்தில் தொட்டியில் கொட்டிவிட்டேன் என்பதையும், மகள் ஆசைப்பட்டாள் என்று நான்கு சீஸ் வில்லைகளைக் கிழித்துப் போட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ரசப்பொடி எழுதியது:

பிறகென்ன, காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். இரண்டு பேருக்கு ஒரு வில்லை போதும், அதுவும் கடைசியில். வாணலியில் இருக்கும்போது சாஸ் சற்றுத் தளர்வாக, இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்திருக்கலாமே என்று தோன்றும் பதத்தில் இருக்க வேண்டும். பாஸ்தா தட்டுக்கு வந்த பிறகும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் ரவா உப்புமா ஆறும்போது இறுகுவதில்லையா, அப்படித்தான். தண்ணீரை வடிக்கும் முன்பே ஒரு டம்ளரில் மொண்டு அடுப்பின் அருகில் வைத்துவிடுங்கள், மறக்காது.

துளசிமாடம் எழுதியது:

இடையே ஒரு சந்தேகம். நாங்கள் சைவம். பார்மசான் சீஸ் சேர்க்கலாமா?

போலோன்யாவில்_மதுரைக்காரி எழுதியது:

பார்மசானின் அசலான, இத்தாலியில் செய்யும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரியவைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே கண்டிப்பான சைவர்களுக்கு அது ஆகாது. இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் சீஸ் வகைகளில் நுண்ணுயிர்களிலிருந்து பெறும் ரென்னட் இருக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

காரநீர் எழுதியது:

வில்லை சீஸை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அதில் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளைச் சேர்த்திருப்பதால்தான் அது எண்ணெய் கக்காமல் வழவழவென்று உருகுகிறது. சாஸில் ஒரு வில்லை சேர்த்தால், அந்த உப்பு சாஸையும் பிரியாமல் பிடிக்க உதவும். ஆனால் சீஸிலேயே சமையல் உப்பும் நிறைய இருப்பதால், அதைச் சேர்த்த பிறகு சுவைத்துப் பார்த்துத்தான் மேலும் உப்புப் போட வேண்டும்.

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

இந்தப் புதன்கிழமை ஒரு வில்லை, அரை டம்ளர் பாஸ்தா தண்ணீர். களி ஆகவில்லை. மகள் இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள், தட்டின் அடியில் தங்கிய சாஸை ரொட்டித் துண்டால் வழித்தாள். இப்போது புதிய சிக்கல்: இதையே பள்ளிக்கு டிபன் பாக்ஸில் கட்டித் தரச் சொல்கிறாள். காலை ஏழரைக்குக் கட்டினால் பகல் பன்னிரண்டரைக்குத்தான் சாப்பிடுவாள்.

காரநீர் எழுதியது:

கிரீம் சேர்த்ததை ஐந்து மணி நேரம், அதுவும் நம் ஊர் வெயிலில், பையில் வைத்திருக்கக் கொடுக்காதீர்கள். பால் பொருளும் ஈரமும் இளஞ்சூடும் கிருமிகளுக்கு உகந்த கூட்டணி. பள்ளிக்குக் கிரீமும் சீஸும் இல்லாத தக்காளிப் பாஸ்தாவைச் சுடச்சுடச் சூடு காக்கும் டப்பாவில் கட்டிக் கொடுங்கள். கிரீம் பாஸ்தா இரவுக்கு மட்டும் இருக்கட்டும்.

ரசப்பொடி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமையே ஒன்றரைக் கிலோ தக்காளியில் கிரீம் சேர்க்காத அடிச் சாஸைச் சுண்டவைத்து, ஆறியதும் மூன்று டப்பாக்களில் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அரைக் கிலோவுக்குச் சொன்ன நேரம் போதாது, அகலமான பாத்திரத்திலும் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு மாதம் வரை சுவை மாறாது. கிரீம் கலந்ததை மட்டும் உறையவைக்க வேண்டாம், உருகும்போது பிரிந்துவிடும். தேவைப்படும் நாளில் ஒரு டப்பாவை எடுத்துச் சுடவைத்தால், பாஸ்தா வேகும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மாடிவீட்டுக்காரர் எழுதியது:

அப்படியே செய்துவிட்டேன். மூன்று டப்பாக்களிலும் தேதியும் "கிரீம் சேர்க்கவில்லை" என்ற குறிப்பும் எழுதி மகள் ஒட்டிவைத்திருந்தாள். மனைவி சனிக்கிழமை வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். ஒரு டப்பாவை எடுத்து, தக்காளித் தொக்கு என்று நினைத்துச் சுடவைத்துத் தோசைக்குத் தொட்டுக்கொண்டுவிட்டார். உறைப்பு குறைவு என்பதைத் தவிர அவருக்கு வேறு குறை தெரியவில்லை.